கடலுக்குப் போகிற சாமானும் என் கிரீஸ் டப்பாவும்

எதை முதலில் கழற்றினேன், எதைக் கடைசியில் மாட்டினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குக் குழப்பம்தான். முப்பத்தோரு வருஷம் வால்வு பிரிவில் ஃபிட்டராக இருந்தவன் இதை வெளியே சொல்லக் கூடாது. மானம் போகும். போனால் போகட்டும், சொல்லிவிடுகிறேன்.

என் மகள் அந்தமானில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் ரொம்ப நாள் மழுப்பினேன். முதுகில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போவதற்கு ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆமாம், அதுவும் ஒரு வேலைதான், சம்பளம் தருகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் வளர்ந்த பெண், இன்ஜினியரிங்கை முடித்துவிட்டு உப்புத் தண்ணீரைத் தேடிப் போனாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். போனில் பேசினால் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்பம்மா திரும்பி வர்றே?" அவள் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுவாள்.

போன வருஷம் சரஸ்வதி பூஜைக்கு வந்தாள். சக்கரம் வைத்த பெரிய பை ஒன்றையும் இழுத்துக்கொண்டு வந்தாள். வந்த அன்றே அதிலிருந்ததையெல்லாம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீர் பிடித்து முக்கி ஊறவைத்தாள். "கடல்லேர்ந்து எடுத்ததும் கழுவிட்டேன்ப்பா. இருந்தாலும் உப்பு எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கும்" என்றாள். அப்புறம் நிழலான கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். வெயில் பட்டால் ரப்பர் வெடித்துவிடுமாம்.

எதிர் மாடி மாமி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "யாருக்கு உடம்பு முடியலை? ஆஸ்பத்திரி டியூபெல்லாம் தொங்கறதே!"

"யாருக்கும் ஒண்ணுமில்லைங்க மாமி. பொண்ணு கடல்ல முங்கறதுக்கு."

"கடல்லயா? ரெண்டு ஆறு இருக்கச்சே கடல் எதுக்குடியம்மா?" என்று மாமி என் மகளைப் பார்த்துக் கேட்டார். நானும் அதைத்தான் இத்தனை வருஷமாகக் கேட்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. மகள் முறைத்ததால் அடக்கிக்கொண்டேன்.

அவள் கீழே போனதும் நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். கத்தியின் ஓரத்தில் துரு. கால் துடுப்பின் பட்டையில் இருக்கிற ஸ்பிரிங்கிலும் துரு. சிலிண்டர் தலையில் மாட்டுகிற பித்தளைக் குண்டு ஒன்று இருந்தது. முலாம் போன இடத்தில் பச்சை பூத்து, மரையில் வெள்ளையாக உப்பு. அதற்கு ரெகுலேட்டர் என்று பெயர் சொன்னாள். சிலிண்டரில் முட்டிக்கொண்டு நிற்கிற காற்றை மூச்சுவிடுகிற அளவுக்குத் தணித்துக் கொடுக்கிற வேலை அதற்கு. அதிலிருந்து நாலு ஹோஸ் கிளம்புகிறது. அதில் இரண்டின் நுனியில் வாயில் கடித்துக்கொள்கிற கிண்ணம், கறுப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அட, இது வால்வு! வால்வைப் பற்றி எனக்கா பாடம்?

ராத்திரி சாப்பிடும்போது துருவைப் பற்றி ஒரு பிடி பிடித்தேன். "இம்புட்டு விலை சாமான இப்படியா வெச்சுக்கறது? எண்ணெய் கண்டு எத்தனை நாளாச்சு?" அவள் என்னமோ நீளமாகப் பதில் சொன்னாள். வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸுக்குக் கொடுப்பதாகச் சொன்னாள், அது நினைவிருக்கிறது. "நீங்க எதையும் திறக்காதீங்கப்பா" என்றும் சொன்னாளாம். சொன்னாளா இல்லையா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் தகராறு. சத்தியமாக என் காதில் விழவில்லை.

எங்கள் ஷாப்பில், அதாவது தொழிற்சாலையில் நான் வேலை பார்த்த கூடத்தில், ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு மெஷினைச் சும்மா மேலாகத் துடைத்துவிட்டுப் பொட்டு வைக்க மாட்டோம். பிரித்து, அழுக்கெடுத்து, எண்ணெயோ கிரீஸோ போட்டு, திரும்ப மூட்டினால்தான் சந்தனமும் குங்குமமும். பிரிக்காத மெஷினுக்குப் பொட்டு கிடையாது. பொட்டு இருந்தால் அதில் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மிக்ஸி, தையல் மெஷின், மோட்டார், என் மொபெட், எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். என் மகள் சின்ன வயதில் தன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்துதான் பொட்டு வைக்கச் சொல்லி நிற்பாள்.

பூஜையன்று காலையில் அம்மாவும் பெண்ணும் பொரி, பூ, வாழைக்கன்று வாங்கக் கடைவீதிக்குப் போனார்கள். நான் என் ஸ்பேனர் செட்டையெல்லாம் துடைத்து முடித்துவிட்டேன். கை சும்மா இருக்குமா? மாடிக்குப் போய் அவளுடைய சாமானை இறக்கிக்கொண்டு வந்தேன்.

கத்தித் துருவைத் தேய்த்து எடுத்தேன். ஸ்பிரிங்கைத் துடைத்தேன். பித்தளைக் குண்டைத் திறந்தேன். உள்ளே நூல் மாதிரி மெல்லிசாகக் கறுப்பு ரப்பர் வளையங்கள், ஓ ரிங். தொட்டுப் பார்த்தால் கொஞ்சூண்டு பிசுக்கு, அவ்வளவுதான். காய்ந்து கிடக்கிறதே என்று எனக்குத் திக்கென்றது. தண்ணீருக்குள் போகிற பிள்ளைக்கு இப்படியா விட்டு வைப்பது? மொபெட்டுக்கு வைத்திருந்த கிரீஸ் டப்பாவைத் திறந்தேன். நல்ல கெட்டி கிரீஸ். விரலில் எடுத்து ஒவ்வொரு வளையத்துக்கும் தாராளமாகவே பூசினேன். கறுப்புக் கிண்ணத்தின் மூடியைத் திருகி எடுத்தேன். உள்ளே அப்பளம் மாதிரி ஒரு ரப்பர், அதன் அடியில் ஒரு சின்ன நெம்புகோல். அதற்கும் பூசினேன். அதன் பிறகுதான் குழப்பம். அதற்குள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். "ராகு காலம் வரப்போகுது, இன்னும் என்ன பண்றீங்க?" என்று மனைவி வாசலிலிருந்தே கத்தினாள். நான் அவசர அவசரமாக எல்லாவற்றையும் மூட்டி, துடைத்து, பொட்டு வைத்து, பூஜையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் ஸ்பேனருக்குப் பக்கத்தில் அடுக்கினேன்.

மகள் வந்து பார்த்தாள். நின்றாள். "என்னப்பா, என் சாமானுக்குமா?"

"ஏன், நீ திங்கிற சோறு அதுலேர்ந்துதானே வருது" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. சாம்பிராணிப் புகையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும்.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்துப் பையில் அடைத்துக்கொண்டு, மத்தியான விமானத்தில் அவள் கிளம்பிப் போனாள்.

அன்று சாயங்காலமே வினை ஆரம்பித்தது. என்னோடு வேலை பார்த்து ரிட்டையரான நண்பன் ஒருவன் திருச்சி கே.கே. நகரில் ரப்பர் சாமான் கடை வைத்திருக்கிறான். அவனுக்குப் போன் போட்டு, மகளுடைய ரெகுலேட்டரையே பிரித்து மாட்டிவிட்டேன் என்று அளந்தேன்.

"யோவ், அது ஆக்சிஜன் ரெகுலேட்டரா?" என்று கேட்டான்.

"இல்லய்யா, வெறும் காத்து. ஆக்சிஜன்னா நான் கிரீஸ் வைப்பேனா? என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். ஆக்சிஜன் லைனில் எண்ணெய்ப் பிசுக்கு படக் கூடாது. அழுத்தத்தில் வருகிற ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஷாப்பில் எண்ணெய்க் கையோடு ஆக்சிஜன் சிலிண்டரைத் தொடப்போன ஒருவனைப் பிடித்துத் தள்ளியே விட்டிருக்கிறேன். அதற்கு எனக்கு மெமோ கூடக் கொடுத்தார்கள்.

போனை வைத்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கினாள். "அவ சொன்னாளேங்க. அவங்க சிலிண்டர்ல கூடுதலா ஆக்சிஜன் கலந்து அடைப்பாங்களாம்."

"எப்பச் சொன்னா?"

"சாப்பிடறப்ப. நீங்க துருவைப் பத்திக் கத்திக்கிட்டு இருந்தீங்க."

கூடுதலாக என்றால் எவ்வளவு? காற்றிலேயே ஆக்சிஜன் இருக்கிறதே, அதில் கொஞ்சம் கூட்டினால் அது ஆக்சிஜனா, காற்றா? எங்கள் ஷாப்பில் இரண்டே வகைதான்: ஒன்று கம்ப்ரெஸ்ட் ஏர், அழுத்தி அடைத்த வெறும் காற்று; இன்னொன்று கறுப்பு சிலிண்டரில் வருகிற ஆக்சிஜன். நடுவில் ஒன்று இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. "இதை நீ முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று மனைவியிடம் பாய்ந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி காயை நறுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வீடியோவில் ஒரு ஆள், கொஞ்சமாகக் கலந்த ஆக்சிஜனுக்குப் பயப்பட வேண்டாம், சாதாரணக் காற்று மாதிரிதான் என்றார். அப்பாடா என்று இருந்தது. அடுத்த வீடியோவில் இன்னொருத்தர், துளி எண்ணெய் இருந்தாலும் முழுசாகப் பிரித்துக் கழுவாமல் தொடாதே என்று மிரட்டினார். மூன்றாவதில் ஒரு பெண்பிள்ளை, சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான் போட வேண்டும், அதுவும் வளையம் மினுங்குகிற அளவுக்கு மட்டும், வழிய வழியப் பூசினால் மணலும் உப்பும் அதில்தான் போய் ஒட்டும் என்றாள். அதற்குக் கீழே ஒருத்தர், ஆக்சிஜன் கலந்தால் சிலிக்கானும் ஆகாது, அதற்கென்று வேறு கிரீஸ் இருக்கிறது என்று எழுதியிருந்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அந்தக் குண்டைப் படம் போட்டு, எங்கெங்கே பூசினேன் என்று புள்ளி வைத்துப் பார்த்தேன். முதல் தடவை ஐந்து புள்ளி வந்தது. மறுபடி போட்டபோது ஏழு.

மகளுக்குப் போன் பண்ணினேனா? பண்ணவில்லை. அவள் அந்தமான் போன ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வேலையை மதித்து ஒரு காரியம் பண்ணியிருக்கிறேன், அதுவும் இப்படியா முடிய வேண்டும் என்று ஒரு வீம்பு. அவள் பார்த்துச் சரிசெய்துகொள்வாள், கெட்டிக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நிமிஷமே, பார்க்காவிட்டால்? என்று போனை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். இப்படியே இன்னொரு நாளும் போனது. அந்த இரண்டு நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் கிரீஸ் டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கே.கே. நகருக்குப் போனேன். நண்பன் டப்பாவை முகர்ந்து பார்த்தான். கடையிலிருந்து நாலு வளையங்களை எடுத்து மேஜையில் போட்டான். நாலும் கறுப்பு, நாலும் ஒரே மாதிரி.

"இதுல ரெண்டு உன் கிரீஸைத் தாங்கும். ஒண்ணு உன் கிரீஸ் பட்டா ஊதிப் பெருத்துப் போயிரும். இன்னொண்ணுக்கு சிலிக்கான் கிரீஸ் பட்டாலே ஆகாது. எது எதுன்னு சொல்லு பாப்போம்."

"பாத்தா எப்படிய்யா தெரியும்?"

"தெரியாதுல்ல? அப்புறம் எந்தத் தைரியத்துல பூசினே? பொண்ணுகிட்ட சொல்லிட்டியா இல்லையா?"

சொல்லவில்லை என்றேன். அவன் இதுவரை என்னைத் திட்டியதே கிடையாது, ஷாப்பில் நான்தான் அவனைத் திட்டுவேன். அன்றைக்கு வாடிக்கையாளர் இரண்டு பேர் நிற்கிறபோதே வாய்க்கு வந்தபடி திட்டினான்.

கடை வாசலிலேயே நின்று மகளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவள் வேலை செய்கிற இடத்தின் நம்பருக்குப் போட்டால் ஒரு ஆள் இந்தியில் பேசினான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியிலும் இங்கிலீஷிலும் என்னவோ உளறினேன். என் மகள், எண்ணெய், தண்ணீர் வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். அந்த ஆள், படகு போய்விட்டது, பன்னிரண்டு மணிக்கு வரும் என்றான். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். மனைவியும் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். அந்த இரண்டு மணி நேரத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மனைவி வேண்டிக்கொண்டாள். நான் வேண்டிக்கொள்ளக்கூட வக்கில்லாமல், எந்த வளையம், எந்த வளையம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது.

"என்னப்பா, எங்க ஆபீஸுக்குப் போன் பண்ணி எல்லாரையும் பயமுறுத்தி வெச்சிருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்ப்பா. இங்க வந்து பையைத் திறந்ததுமே ஒரே கிரீஸ் வாசனை. பொட்டு இருந்த அத்தனையையும் பிரிச்சுக் கழுவிட்டேன். ஓ ரிங் எல்லாம் புதுசு மாத்தியாச்சு. பெரிய குண்டு, கறுப்பு, எல்லாம் சுத்தம். குங்குமம் போறதுக்குத்தான் பாடாப் பட்டேன்."

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க அன்னிக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. எதுக்கு சொல்லணும்னு விட்டுட்டேன்."

மனைவி போனைப் பிடுங்க வந்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எனக்கோ மனசு இன்னும் இறங்கவில்லை. என்னமோ ஒன்று இடிக்கிறது, என்ன என்று தெரியவில்லை.

"பொட்டு இருந்ததைன்னா சொன்னே?" என்று கேட்டேன்.

"ஆமாப்பா. நீங்க பிரிச்சதுக்குத்தானே பொட்டு வைப்பீங்க."

"மஞ்சள்ல பொட்டு இருந்துச்சா?"

"இல்லை. மஞ்சளை நீங்க தொடலைல்ல?"

தொட்டேனா? கண்ணை மூடிக்கொண்டேன். கறுப்புக் கிண்ணத்தை மூடினேன். அப்புறம் கையில் என்ன இருந்தது? அவள் அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்டாள். "அப்பா, பதறாதீங்க. நிதானமா யோசிங்க. மூடியைத் திருகறப்ப கைக்கு எப்படி இருந்துச்சு? லூசா, டைட்டா?" நான் வெறும் கையைக் காற்றில் திருகிப் பார்த்தேன். கறுப்பு இலகுவாக வந்தது. இன்னொன்று டைட்டாக இருந்தது. துணி சுற்றித் திருகினேன். ஆமாம், இன்னொன்று இருந்தது. அந்த நேரத்தில்தான் மனைவி வாசலில் கத்தினாள். பூசிவிட்டேன், மூடிவிட்டேன், பொட்டு வைக்க மறந்துவிட்டேன்.

"தொட்டேன்மா" என்றேன். "அதுலதான் நிறையப் பூசினேன். உனக்கு ஒண்ணும் ஆகலைல்ல?"

"அது எனக்கு இல்லப்பா." அவள் குரல் மாறியிருந்தது. "அது என்கூட இறங்கறவங்களுக்கு. தண்ணிக்கடியில அவங்க காத்து தீர்ந்து போனா, என் மஞ்சளை எடுத்து அவங்க வாயில வெப்பேன்."

இத்தனை நாள் நான் பயந்ததெல்லாம் ஒரே ஒரு உயிருக்குத்தான்.

"நேத்து சேலத்துக்கார அம்மா ஒருத்தங்களுக்கு அதை வெச்சுத்தான் பயிற்சி குடுத்தேன்" என்றாள். "இடுப்பளவு தண்ணியிலதான். என்னமோ வாசனை வருதும்மா, மூச்சு இழுக்க வரலைன்னாங்க. புதுசா வர்றவங்க எல்லாருமே பயத்துல அப்படிச் சொல்வாங்க. ஒண்ணுமில்லை, நல்லா இழுங்கன்னு சொல்லிட்டேன். நாளைக்கு அவங்களை ஆழத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தேன்."

"இப்ப என்னம்மா பண்ணப்போறே?"

"இப்பவே பிரிச்சு மாத்திடறேன். போய் அவங்ககிட்ட சொல்லணும். மன்னிப்புக் கேக்கணும்."

"எங்க அப்பா பண்ணின வேலைன்னு சொல்லிடும்மா. கிழவன் தெரியாமப் பண்ணிட்டான்னு சொல்லு. உன் மேல தப்பு இல்லைல்ல?"

"அதெப்படிப்பா? பாக்காம அவங்க வாயில வெச்சது நான்தானே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

முப்பத்தோரு வருஷ சர்வீஸில் என் கையில் எத்தனையோ வால்வு ஒழுகியிருக்கிறது. ரப்பர் மட்டம் என்றிருக்கிறேன், ஸ்டோர்காரன் சரியில்லை என்றிருக்கிறேன், முந்தைய ஷிஃப்ட்காரன் மேல் பழி போட்டு அவனுக்கு இன்க்ரிமெண்ட் நின்றுபோனதும் உண்டு. அவள் சொன்ன மாதிரி நான் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.